திறக்க மறுக்கும் ரீப்பர் புராஜெக்டை மீட்பது எப்படி

மதுரையில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். அம்மன் பாட்டு, கிராமியப் பாட்டு, பள்ளி ஆண்டு விழாவுக்கு டிராக் என்று ஓடுகிறது. வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யும் தம்பிகள் அடிக்கடி போன் செய்வார்கள். “அண்ணே, புராஜெக்ட் ஓப்பன் ஆக மாட்டேங்குது, மொத்த வேலையும் போச்சு” என்பார்கள். மொத்த வேலையும் போவது மிக அபூர்வம். அவர்களுக்குப் போனில் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பாட்டுப் பதிவுக்கு நான் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் ரீப்பர் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மற்ற சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கும் நடுவில் கொஞ்சம் இருக்கிறது.

முதல் வேலை, புராஜெக்ட் இருக்கும் ஃபோல்டரை அப்படியே இன்னொரு டிஸ்கில் காப்பி எடுப்பது. இனி செய்யும் எல்லாச் சோதனையும் அந்தக் காப்பியில்தான். பாதி திறந்து பாதி காணாமல் போன புராஜெக்டில் பழக்கதோஷத்தில் கண்ட்ரோல் எஸ் அழுத்திவிட்டால், மிச்சமிருந்ததும் அழிந்து பாதிப் புராஜெக்டே நிஜப் புராஜெக்ட் ஆகிவிடும். காப்பி எடுக்கும்போதே டிஸ்க் திணறினாலோ, டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, பிரச்சினை டிஸ்கில். அப்போது விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். அது சாகக்கிடக்கும் டிஸ்கை மேலும் வேலை வாங்கும். வருகிற ஃபைலை முதலில் வெளியே எடுத்துக்கொண்டு அப்புறம் மருத்துவம் பார்க்கலாம்.

அடுத்து, எது கெட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். புராஜெக்ட் ஃபைலுக்குள் பாட்டு கிடையாது. அது கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி. யார் எவ்வளவு என்ற கணக்குதான் நோட்டில் இருக்கும், பணம் பைக்குள் தனியாக இருக்கும். எந்த டிராக்கில், எந்த நொடியில், எந்த வேவ் ஃபைல் (பதிவான ஒலி), அதன் மேல் எந்த பிளகின் (எஃபெக்டோ இசைக்கருவியோ சேர்க்கும் துணை மென்பொருள்) என்ற கணக்கு மட்டும்தான் ஆர்பிபி (.rpp) என்று முடியும் ரீப்பர் புராஜெக்ட் ஃபைலில் உள்ளது. ஆகவே ஃபோல்டரில் வேவ் ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அளவையும் பாருங்கள். 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ், மோனோ என்றால் ஒரு நொடிக்கு 1,44,000 பைட், ஒரு நிமிடத்துக்கு 8.6 எம்பி சொச்சம். ஐந்து நிமிடப் பாட்டின் குரல் டிராக் 43 எம்பி அருகில் இருந்தால், பெரும்பாலும் பாடியது பத்திரம். மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

இப்போது ஆர்பிபி ஃபைலின் அளவைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் உள்ளே ஒன்றுமில்லை. அளவு சரியாக இருந்தும் ரீப்பர் திறக்க மறுத்தால், அதை நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எழுத்துத் திருத்தும் மென்பொருளில் திறந்து பாருங்கள். ஆர்பிபி என்பது சாதாரண எழுத்து ஃபைல் என்பதால் கண்ணால் படிக்க முடியும். வரிக்கு வரி நல் நல் நல் (NUL) என்று கறுப்புக் கட்டமாக ஓடினால், அது கரண்ட் போனதன் வேலை. விண்டோஸ் ஃபைலின் பெயரையும் அளவையும் டிஸ்கில் எழுதிவிட்டது, உள்ளடக்கத்தை எழுதும் முன் மின்சாரம் போய்விட்டது. அந்த இடமெல்லாம் பூஜ்யமாக நிற்கிறது. இந்த ஃபைலை எந்த ரிப்பேர் மென்பொருளாலும் சரி செய்ய முடியாது, ஏனென்றால் சரி செய்ய அதில் எதுவும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு மீட்டுத் தருவதாகச் சொல்பவரிடம் இதைக் கொடுக்க வேண்டாம்.

அதற்குப் பதில் பக்கத்திலேயே அதே பெயரில் ஆர்பிபி-பேக் (.rpp-bak) என்று முடியும் ஃபைல் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய ஃபைலின் மேல் சேவ் செய்யும்போது முந்தைய பதிப்பை ரீப்பர் இந்தப் பெயரில் ஒதுக்கி வைக்கும். விண்டோஸில் ஃபைல் நீட்டிப்பைக் காட்டும்படி வைத்திருந்தால்தான் இது பளிச்சென்று தெரியும். அதை ஒரு காப்பி எடுத்து, கடைசியில் உள்ள பேக்கை நீக்கி, வேறு பெயர் கொடுத்துத் திறந்தால் கடைசி சேவுக்கு முந்தைய நிலை வந்துவிடும். ஆட்டோசேவ் போட்டிருந்தால் தேதியும் நேரமும் ஒட்டிய இன்னும் சில பதிப்புகள் கிடக்கும். எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

சரி, ஃபைலில் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறது, ஆனாலும் திறக்கும்போது ரீப்பர் மூடிக்கொள்கிறது. நான் முதலில் சந்தேகப்படுவது பிளகினைத்தான். அப்டேட் ஆன பிளகின், லைசென்ஸ் காலாவதியான பிளகின், டெலிகிராமில் யாரோ கொடுத்த திருட்டு பிளகின். கடைசி ரகத்தைப் போட்டுக்கொண்டு ரீப்பரைத் திட்டுபவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

ரீப்பரைத் திறந்ததும் அது கடைசிப் புராஜெக்டைத் தானே திறக்கப் போய் விழுந்தால், ஸ்டார்ட் மெனுவில் ‘கிரியேட் நியூ புராஜெக்ட்’ என்று முடியும் ரீப்பர் குறுக்குவழி ஒன்று இருக்கும். அதன் வழியாகப் போனால் வெறும் பக்கம் திறக்கும். பிறகு ஓப்பன் புராஜெக்ட் பெட்டியில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, கீழே இருக்கும் ‘ஓப்பன் வித் எஃப்எக்ஸ் ஆஃப்லைன்’ கட்டத்தில் டிக் போடுங்கள். பக்கத்திலேயே ரெக்கவரி மோட் என்று எழுதியிருக்கும். எல்லா பிளகினும் தூங்கும் நிலையில் புராஜெக்ட் திறக்கும். திறந்துவிட்டால் குற்றவாளி பிளகின்தான் என்பது உறுதி. உடனே வேறு பெயரில் சேவ் செய்துவிட்டு, டிராக் டிராக்காகப் போய் ஒவ்வொரு பிளகினையும் ரைட் கிளிக் செய்து ஆன்லைனுக்குக் கொண்டுவாருங்கள். எதைத் தொட்டதும் ரீப்பர் விழுகிறதோ அதுதான் ஆள். என் அனுபவத்தில் விர்ச்சுவல் இசைக்கருவிகளும், மாஸ்டர் டிராக்கில் கடைசியாகப் போட்ட லிமிட்டரும் முன்வரிசையில் நிற்கும்.

அப்படியும் திறக்கவில்லை என்றால் நோட்பேடில் அறுவை சிகிச்சைதான். பயப்பட ஒன்றுமில்லை, காப்பியில்தானே செய்கிறோம். ஆர்பிபி ஃபைலின் அமைப்பு எளிது. ஒவ்வொரு பகுதியும் இடப்பக்கக் கோண அடைப்பில் (<) தொடங்கி, தனி வரியில் வலப்பக்கக் கோண அடைப்பில் (>) முடியும். உள்ளே போகப் போக இரண்டு இரண்டு இடைவெளி தள்ளி எழுதியிருக்கும். புராஜெக்டுக்குள் டிராக், டிராக்குக்குள் ஐட்டம், ஐட்டத்துக்குள் சோர்ஸ், அதற்குள் வேவ் ஃபைலின் பெயர். பிளகின்கள் எஃப்எக்ஸ்செயின் என்ற பகுதிக்குள் இருக்கும். ஒவ்வொரு பிளகினின் செட்டிங்கும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக வரிக்கணக்கில் ஓடும். அது கெட்டுப்போனதல்ல, அப்படித்தான் இருக்கும்.

சந்தேகப்படும் பிளகினின் பெயரைத் தேடுங்கள். அதற்கு மேலே பைபாஸ் (BYPASS) என்று தொடங்கும் வரியிலிருந்து, அந்தக் குவியல் முடிந்து வேக் (WAK) என்று தொடங்கும் வரி வரை தேர்ந்தெடுத்து நீக்குங்கள். அடைப்புக் கணக்கு மட்டும் தப்பக் கூடாது. நீக்கிய துண்டுக்குள் எத்தனை திறந்ததோ அத்தனை மூடியிருக்க வேண்டும். சேவ் செய்து ரீப்பரில் திறந்து பாருங்கள். இதற்கு வேர்டைப் பயன்படுத்தாதீர்கள். அது மேற்கோள் குறியை வளைத்து அழகுபடுத்தி, வேவ் ஃபைலின் பெயரைச் சுற்றியுள்ள குறிகளைக் கெடுத்துவிடும்.

ஃபைல் நடுவில் வெட்டுப்பட்டு நின்றால், அதாவது கடைசி வரி பாதியில் முடிந்தால், முழுதாக முடிந்த கடைசி டிராக் வரை மேலே போங்கள். அதற்குக் கீழே இருப்பதை நீக்கிவிட்டு, இடைவெளி விடாமல் ஒரு மூடும் அடைப்பைத் தனி வரியில் போடுங்கள். வெட்டுப்பட்ட டிராக்குகளை மட்டும் வேவ் ஃபைலை இழுத்துப் போட்டு மீண்டும் கட்டிக்கொள்ளலாம். எது குற்றவாளி என்றே தெரியாவிட்டால் டிராக்குகளில் கீழ்ப்பாதியை நீக்கிப் பாருங்கள். திறந்தால் பிரச்சினை கீழ்ப்பாதியில். அந்தப் பாதியையும் பாதியாக்குங்கள். 32 டிராக் புராஜெக்டானாலும் ஐந்து முறை பாதியாக்கினால் ஒரே டிராக்கில் வந்து நிற்கும்.

சில விஷயங்கள் கெட்டுப்போனது போலத் தெரியும், ஆனால் கெட்டிருக்காது. ‘மீடியா காணவில்லை’ என்று நீளப் பட்டியல் வந்தால், பெரும்பாலும் வெளி டிஸ்கின் எழுத்து டி-யிலிருந்து எஃப்-க்கு மாறியிருக்கும். நோட்பேடில் பாதையைத் தேடி மொத்தமாக மாற்றினால் போதும். அலைவடிவம் தட்டையாகவோ கோணலாகவோ தெரிந்து சத்தம் மட்டும் சரியாகக் கேட்டால், ரீபீக்ஸ் (.reapeaks) என்று முடியும் ஃபைல்களை அழித்துவிடுங்கள். அவை வெறும் படம். ரீப்பர் புதிதாக வரைந்துகொள்ளும்.

மற்ற சாஃப்ட்வேர்களுக்கு வருகிறேன். கியூபேஸில் சிபிஆர் (.cpr) என்ற புராஜெக்ட் ஃபைலுக்குப் பக்கத்தில் பேக் ஃபைல்கள் இருக்கும், நீட்டிப்பை சிபிஆர் என்று மாற்றித் திறக்கலாம். புரோ டூல்ஸில் ‘செஷன் ஃபைல் பேக்கப்ஸ்’ ஃபோல்டர் இருக்கும். அதிலும் தகராறு என்றால் புது செஷன் தொடங்கி ‘இம்போர்ட் செஷன் டேட்டா’ வழியாக டிராக்குகளை மட்டும் உள்ளே இழுக்கலாம். ஏபிள்டன் லைவில் புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே பேக்கப் ஃபோல்டர் உண்டு. அதன் ஏஎல்எஸ் என்ற புராஜெக்ட் ஃபைல் உண்மையில் ஜிஜிப் முறையில் சுருக்கிய எக்ஸ்எம்எல். செவன்-ஜிப்பால் விரித்தால் அதையும் எழுத்தாகப் படிக்கலாம். எஃப்எல் ஸ்டுடியோவில் ஃபைல் மெனுவிலேயே கடைசி பேக்கப்புக்குத் திரும்பும் வசதி இருக்கிறது.

ஆடாசிட்டி மட்டும் வேறு ஜாதி. 2021-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஒலி முழுவதும் ஏயூபி3 என்ற ஒரே ஃபைலுக்குள் இருக்கிறது. அது ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம். கணக்கும் பணமும் ஒரே இடத்தில் என்பதால் இதில் அடிபட்டால் வலி அதிகம். சாஃப்ட்வேர் திடீரென மூடிக்கொண்ட பின் பக்கத்தில் வால் (-wal) என்று முடியும் ஃபைல் ஒன்று கிடந்தால், குப்பை என்று அழித்துவிடாதீர்கள். கடைசியாகச் செய்த வேலை அதற்குள் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகவே காப்பி எடுங்கள்.

இனி கஷ்டமான ரகம். பாடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், வேவ் ஃபைலே திறக்கவில்லை. ஒரு வேவ் ஃபைலின் தொடக்கத்தில் உள்ள தலைப்புப் பகுதியில் (ஹெடர்) ‘இவ்வளவு நீளம்’ என்று ஒரு எண் இருக்கும். பதிவு முறையாக முடியாவிட்டால் அந்த எண் தப்பாகவோ பூஜ்யமாகவோ நின்றுவிடும். ஃபைல் 43 எம்பி இருந்தும் பிளேயர் பூஜ்ய நொடி காட்டுவது இதனால்தான். ஒலி உள்ளே இருக்கிறது.

ஆடாசிட்டியில் ஃபைல், இம்போர்ட், ரா டேட்டா போங்கள். 24 பிட் பதிவு என்றால் ‘சைன்டு 24-பிட் பிசிஎம்’, பைட் வரிசை லிட்டில் எண்டியன், மோனோவா ஸ்டீரியோவா என்பது, சாம்பிள் ரேட், இவற்றைக் கொடுங்கள். ஸ்டார்ட் ஆஃப்செட்டில் 44 போடுங்கள், எளிய வேவ் தலைப்பின் நீளம் அது. வெறும் இரைச்சலாக வந்தால் 45, அப்புறம் 46. 24 பிட்டில் ஒரு சாம்பிளுக்கு மூன்று பைட் என்பதால் இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் பொருந்தும். மூன்றிலும் இரைச்சல் என்றால் பதிவு 24 பிட் இல்லை. 16 பிட்டையும் 32 பிட் ஃப்ளோட்டையும் முயன்று பாருங்கள். தொடக்கத்தில் ஒரு சின்ன ‘டப்’ கேட்கலாம். தலைப்பு 44 பைட்டைவிட நீளம் என்று அர்த்தம், அதை வெட்டிவிடலாம்.

குரல் வந்தது, ஆனால் ஏதோ இடிக்கிறது என்றால் காதால் கண்டுபிடிக்கலாம். ஸ்டீரியோவை மோனோ என்று கொடுத்தால் வேகம் பாதியாகி ஸ்ருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். 48,000-த்தை 44,100 என்று கொடுத்தால் இறக்கம் சின்னது. 5 கட்டையில் பாடியது 4-க்கும் 4½-க்கும் நடுவில் எங்கோ விழும். ஸ்ருதிப் பெட்டியில் எந்தக் கட்டையிலும் சேராமல் நிற்கும் குரல் என்றால் சாம்பிள் ரேட்தான் தப்பு. சரியானதும் பழைய பெயரிலேயே வேவாக எக்ஸ்போர்ட் செய்து, காப்பி ஃபோல்டரில் கெட்ட ஃபைலின் இடத்தில் வையுங்கள். புராஜெக்ட் தானாக எடுத்துக்கொள்ளும்.

நீண்ட கச்சேரி பதிவு செய்பவர்களுக்கு ஒன்று. சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. 24 பிட், 48,000 ஸ்டீரியோ என்றால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், 96,000 என்றால் அதில் பாதி. ரீப்பரின் வேவ் செட்டிங்கில் பெரிய ஃபைலுக்கு, 4 ஜிபி வரம்பில்லாத ஆர்எஃப்64 என்ற வேவ் வகையாக மாறிக்கொள்ளும் தேர்வு இருக்கிறது. அதை முன்கூட்டியே பார்த்துவிட்டு மைக் மாட்டுங்கள்.

மறுபடி இந்தப் பாடு வேண்டாம் என்றால், ப்ரிஃபரன்ஸஸில் புராஜெக்ட் பக்கம் போய், நேரம் ஒட்டிய ஆட்டோசேவைப் போடுங்கள். அதிலேயே கூடுதல் ஃபோல்டர் ஒன்றிலும் சேமிக்கும் வசதி உண்டு. அந்த ஃபோல்டர் வேறு டிஸ்கில் இருக்கட்டும். புதுப் புராஜெக்டை முதல் தடவை சேவ் செய்யும்போதே ‘காப்பி ஆல் மீடியா’ கட்டத்தில் டிக் போட்டால் ஃபைல்கள் ஊரெல்லாம் சிதறாது. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரி ஒத்திசையும் ஃபோல்டருக்குள் வைத்து நேரடியாக வேலை செய்யாதீர்கள். அன்றைய வேலை முடிந்து ரீப்பரை மூடிய பிறகு காப்பி போடுங்கள். மிக்ஸ் ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு டிராக்கையும் பூஜ்ய நொடியிலிருந்து, முழு நீளத்துக்கு, தனித்தனி வேவாக ரெண்டர் செய்து வையுங்கள். பாடியவர் இரண்டு வருடம் கழித்து கரோக்கி கேட்டு வரும்போது அந்த பிளகின்களில் பாதி இருக்காது.