வீடியோவுக்கு மிரர்லெஸ் கேமரா வாங்குகிறீர்களா? ஒரு சோக் டியூப்லைட்டைத் தேடிப் பிடியுங்கள்

ஒருவர் பயன்படுத்திய மிரர்லெஸ் கேமராவை (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய வகை) போன வருடம் வாங்கினேன். கடையில் பத்து நிமிடம் சோதித்தேன். புகைப்படம், வீடியோ இரண்டுமே பளிச்சென்று இருந்தன. அடுத்த வாரம் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தி நடந்த கூடத்தில் எடுத்த அத்தனை காட்சியிலும் கறுப்புப் பட்டைகள் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தன. "கோளாறு பிடித்த கேமராவைத் தலையில் கட்டிவிட்டார்கள், திருப்பிக் கொடு" என்றார் சித்தப்பா. கேமரா சரியாகத்தான் இருந்தது. சோதிக்கத் தெரியாதவன் நான்தான். அதற்குப் பிறகு நான் பின்பற்றும் முறை இது. லென்ஸ் மாட்டுவது, கார்டை ஃபார்மேட் செய்வது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எல்லாவற்றையும் ரீசெட் செய்யுங்கள்

பழைய உரிமையாளர் எதை மாற்றி வைத்திருக்கிறார் என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ரீசெட் செய்துவிட்டு, லென்ஸ் மூடியைப் போட்டு, ஐ.எஸ்.ஓ.வை (ஒளி உணர்திறனை) உயர்த்தி அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். கறுப்பில் சிவப்பு, வெள்ளைப் புள்ளிகள் அசையாமல் நின்றால் அவை பழுதான பிக்சல்கள். பல கேமராக்களில் இதைச் சரிசெய்ய மெனுவிலேயே வழி உண்டு.

2. பால், என்.டி.எஸ்.சி. (என்னைக் கவிழ்த்தது இதுதான்)

குடிக்கிற பால் அல்ல. மெனுவில் வீடியோ சிஸ்டம் என்ற பெயரில் இந்த இரண்டும் இருக்கும். பாலில் நொடிக்கு 25, 50 என்றும் என்.டி.எஸ்.சி.யில் 30, 60 என்றும் ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள், பதிவாகும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய வகைச் சோக் போட்ட டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் அதனால் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. அதாவது ஒரு துடிப்புக்கு 10 மில்லிநொடி. ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு ஒளி விழும் நேரம்) 1/50 நொடி என்றால் 20 மில்லிநொடி, சரியாக இரண்டு துடிப்பு. சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) வரி வரியாகப் படிக்கும் படத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும். என் கேமரா என்.டி.எஸ்.சி.யில், 30 ஃபிரேமில், 1/60 ஷட்டரில் இருந்தது. 1/60 என்பது ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவு. ஒரு வரிக்கு அதிக ஒளி, அடுத்த சில வரிகளுக்குக் குறைந்த ஒளி. பட்டை வந்தது அதனால்தான். கடையில் நல்ல பேனல் விளக்குகள் இருந்ததால் அது கண்ணில் படவில்லை.

ஆகவே பால் முறைக்கு மாற்றுங்கள். 25 ஃபிரேமுக்கு 1/50, 50 ஃபிரேமுக்கு 1/100. 30 ஃபிரேமில்தான் எடுக்க வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், அப்போதும் ஷட்டர் 1/50 ஆகவே இருக்கட்டும். ஸ்லோ மோஷனுக்கு 100 ஃபிரேம், 1/100. 120 ஃபிரேமில் ஷட்டரை 1/100 வரை இறக்க முடியாது, பட்டையிலிருந்து தப்பவும் முடியாது. சில கேமராக்கள் முறையை மாற்றியதும் கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும். அதில் எதுவும் மிச்சம் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. அதே டியூப்லைட்டை அளவுகோலாக்குங்கள்

கேமராவை வேகமாகத் திருப்பினால் விளக்குக் கம்பங்கள் சாய்கின்றனவே, அது சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் வருவது. எவ்வளவு மெதுவாகப் படிக்கிறது என்று அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சோக் டியூப்லைட் வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை 1/2000 ஷட்டரில் எடுங்கள். இப்போது பட்டைகள் வேண்டுமென்றே வரும். ஃபிரேமுக்குள் மேலிருந்து கீழ் வரை எத்தனை என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 10 மில்லிநொடி. இரண்டரைப் பட்டை என்றால் 25 மில்லிநொடி. என் கணக்கில் 20க்குள் இருந்தால் கல்யாண வேலைக்குத் தாராளம். 30ஐத் தொட்டால் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் காட்சிகளை மறந்துவிட வேண்டும். 25 ஃபிரேம், 50 ஃபிரேம், கிராப் (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் முறை) என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எண்ணுங்கள், விடை மாறும்.

4. சூடு

ஏ.சி. அறையில் செய்யும் சோதனைக்கு மதிப்பில்லை. கேனான் ஆர்5 2020இல் வந்தபோது 8கே பதிவுக்கு அந்த நிறுவனமே சொன்ன வரம்பு சுமார் 20 நிமிடம், அதுவும் 23 டிகிரி வெப்பத்தில். சென்னையில் மார்கழி விடியற்காலையில்தான் அந்த 23 டிகிரியைப் பார்க்கலாம். நண்பகலில் மொட்டைமாடி அறையில் 4கே வைத்து, பேட்டரி தீரும்வரை விடுங்கள். சோனியின் பல மாடல்களில் எந்தச் சூட்டில் தானாக அணைய வேண்டும் என்பதற்கு ஓர் அமைப்பு உண்டு. அதை உயர்த்தாமல் சோதித்துவிட்டுக் கேமராவைத் திட்டாதீர்கள். சரியாக 29 நிமிடம் 59 நொடியில் நின்றால் அது சூடு அல்ல. அரை மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் கேமராவுக்கு ஐரோப்பாவில் வீடியோ கேமரா வரி விழுந்த காலத்தில் வைக்கப்பட்ட பழைய வரம்பு.

5. ஃபோகஸ், ஒலி, கார்டு

ஃபோகஸுக்கு: வாசலிலிருந்து ஒருவரை நேராக நடந்துவரச் சொல்லுங்கள், நடுவில் இன்னொருவர் குறுக்கே போகட்டும். முகத்துக்கு உடனே திரும்பினால் போதும்.

ஒலிக்கு: ஹெட்போன் துளை இல்லாத கேமராவை நான் வாங்கமாட்டேன். இதில் சமரசமே கிடையாது.

கார்டு: 100 மெகாபிட் பதிவு என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜி.பி. அதற்கு வி30 கார்டு (நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும்) போதும். 400 மெகாபிட்டுக்கு வி60 வேண்டும். ஒரே 512 ஜி.பி. கார்டைவிட நான்கு 128 ஜி.பி. கார்டுகளே எனக்குப் பிடிக்கும். ஒன்று போனாலும் முகூர்த்தம் மிஞ்சும்.

எடுத்த கோப்புகளைக் கேமரா திரையில் பார்த்துத் திருப்தி அடையாமல் வீட்டுக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். 10 பிட் எச்.265 (நிற நுணுக்கம் கூடிய, இறுக்கிச் சுருக்கிய வீடியோ வகை) பழைய கணினிகளில் திக்கித் திணறும். அது கேமராவின் குற்றம் அல்ல, ஆனால் செலவு உங்களுடையது.

பின்சேர்க்கை

மூன்றாம் படியைச் செய்தும் பட்டையே வரவில்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதினார்கள். அவர்கள் வீட்டு டியூப்லைட்டில் எலக்ட்ரானிக் சோக் இருந்திருக்கிறது. அது மிக வேகமாகத் துடிப்பதால் இந்தச் சோதனைக்கு உதவாது. போட்டவுடன் இரண்டு மூன்று முறை கண்சிமிட்டிவிட்டு எரியும் பழைய வகைதான் வேண்டும். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்.இ.டி. திரையில் 1/50 வைத்தும் கோடு வருகிறது என்றார் இன்னொருவர். அந்தத் திரைகள் மின்சாரத்தின் கணக்கில் துடிப்பதில்லை. பானசோனிக்கில் சிங்க்ரோ ஸ்கேன் என்ற வசதி இருக்கிறது. ஷட்டரை நுணுக்கமாக மாற்றும் இதே வேலைக்கு மற்ற நிறுவனங்களின் புதிய மாடல்களிலும் வெவ்வேறு பெயர்களில் வசதி உண்டு. அதைத் திறந்து, கோடு மறையும்வரை ஒவ்வொரு சொடுக்காக நகர்த்துங்கள். மாப்பிள்ளை மேடை ஏறுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.