"அண்ணா சொன்னாரு" என்று மாட்டிக்கொண்டவரை வெளியே கொண்டுவருவது எப்படி

ஆந்திராவில் நகரி, ஏகாம்பரகுப்பம், எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை என்று எங்கள் ஊர்ப்பக்கம் விசைத்தறி ஓட்டுகிற பலர் காதில் ஹெட்செட் இருக்கும். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும், அதனால் நாள் முழுக்கப் பேச்சுத்துணையே இல்லாத வேலை அது, அந்த இடத்தில் யூடியூபிலோ டெலிகிராமிலோ பேசுகிற ஒருவரின் குரல் வந்து "என்ன தம்பி, சாப்பிட்டியா" என்று ஆரம்பித்தால் கொஞ்ச நாளில் கூடப் பிறந்தவரைவிட நெருக்கமாகிவிடுகிறது. அந்தக் குரல் தமிழிலும் வரும், தெலுங்கிலும் வரும். ஷேர் மார்க்கெட், சர்க்கரை நோய், ஜாதகம், பெண்டாட்டியை எப்படி அடக்குவது, எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. பெரும்பாலானவர்களால் கெடுதல் இல்லை. ஒரு சிலர் மட்டும், கேட்கிறவர்கள் "அண்ணா" என்று கூப்பிடும் ஆட்கள், கேட்கிறவரை விடவே மாட்டார்கள். அப்படி ஒருவரிடம் உங்கள் வீட்டு ஆள் மாட்டியிருந்தால் என்ன செய்யலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டினவர் முட்டாள் இல்லை. என் மாமா பையன் பி.காம் படித்தவன், தெருவுக்கே கூலிக் கணக்குப் பார்ப்பவன், ஒரு ரூபாய் விடமாட்டான். அவன்தான் ஒரு டெலிகிராம் குரூப்பில் மாதக்கணக்கில் கிடந்தான். "படிச்சவன் இப்படிப் பண்ணலாமா" என்று நீங்கள் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவர் வெளியே வருவது ஒரு மாதம் தள்ளிப்போகிறது. அவரை அங்கே பிடித்து வைத்திருப்பது அந்த ஆள் சொல்லும் விஷயம் இல்லை. வெளியே வந்தால் ஒரு உறவு போகும், ஒரு கூட்டம் போகும், தன்மேல் தனக்கு இருக்கும் மரியாதை போகும், அந்த மூன்றும்தான் பிடித்து வைத்திருக்கின்றன.

எப்படிப் பிடிக்கிறார்கள்

அமெரிக்காவில் தொலைக்காட்சி பரவிக்கொண்டிருந்த காலத்தில், 1956இல், டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள். திரையில் பேசுகிறவரைப் பார்க்கிறவர் நேரில் பழகிய ஆள் மாதிரியே உணர்கிறார், ஆனால் அந்தப் பக்கத்து ஆளுக்கு இவர் இருப்பதே தெரியாது. அன்றைக்கு அது ஒருவழி என்று யோசித்தால் புரிந்துவிடும். இன்றைக்கு லைவில் உங்கள் பெயரைப் படிக்கிறார், கமெண்டுக்கு இதயம் போடுகிறார், "நகரியிலிருந்து நம்ம தம்பி வந்திருக்காரு" என்கிறார். ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கிறது, ஆனால் மீதி 999 பேரும் நாளைக்கு நம் பெயர் வரும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்புறம் காசு. முதலில் இலவசம், அப்புறம் 99 ரூபாய், அப்புறம் 4,999, அப்புறம் "உள்வட்டம்" என்று ஒரு பெரிய தொகை. 1966இல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இருவர் கலிஃபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். "கவனமாக ஓட்டுங்கள்" என்று எழுதிய பெரிய, அசிங்கமான பலகையை வீட்டு முன்னால் வைக்க முடியுமா என்று நேரடியாகக் கேட்டபோது 100க்கு 17 பேர் அளவுக்குத்தான் சம்மதித்தார்கள். இரண்டு வாரம் முன்பே அதே விஷயத்துக்கு ஒரு சின்ன அட்டை வைக்கச் சம்மதித்திருந்தவர்களிடம் கேட்டபோது 100க்கு 76 பேர் சரி என்றார்கள். 99 ரூபாய் வாங்குவது அந்தக் காசுக்காக இல்லை. "நான் இவரோட ஆளு" என்று உங்களையே உங்களிடம் சொல்ல வைப்பதற்காக.

மூன்றாவது, அடித்து அணைப்பது. ஒரு நாள் பெயர் சொல்லிப் பாராட்டுவார், மறுநாள் எல்லார் முன்னாலும் கேவலமாகத் திட்டுவார், சிலரை பிளாக் செய்வார், ஒரு வாரம் கழித்து மன்னித்துச் சேர்த்துக்கொள்வார். எப்போது எது வரும் என்று தெரியாது. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் பார்த்ததும் இதைத்தான், எத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. தினமும் அன்பாகவே இருந்தால்கூட இந்த அளவுக்கு ஆட்களைக் கட்டிப்போட முடியாது.

இதையெல்லாம்விட மோசமானது ஒன்று இருக்கிறது, இதைப் புரிந்துகொள்ளாமல் சண்டைக்குப் போகிற குடும்பங்கள்தான் அதிகம். அந்த ஆள் உங்களைப் பற்றி ஏற்கனவே சொல்லி வைத்திருப்பார். "நீ மேல வர்றதை முதல்ல தடுக்கப்போறது உன் வீட்டு ஆளுங்கதான். அப்பா திட்டுவாரு, பொண்டாட்டி அழுவா, மச்சான் சிரிப்பான். அன்னைக்கு நான் சொன்னது ஞாபகம் வரும் பாரு." சரி, நீங்கள் போய்த் திட்டுகிறீர்கள், மனைவி அழுகிறார், மச்சான் சிரிக்கிறார். அவர் சொன்னது அப்படியே நடந்துவிட்டது! நீங்கள் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னாலேயே உங்கள் பேச்சு அவருக்குச் சாட்சியாகிவிட்டது. என் மாமா வீட்டில் நடந்ததும் இதுதான். மாமா போனைப் பிடுங்கிய அன்றைக்குத்தான் பையன் முழுசாக அந்தப் பக்கம் சாய்ந்தான்.

இதோடு, தோற்றால் குற்றம் உங்களுடையது. எந்த ஷேர் வாங்கலாம் என்று அவர் கொடுத்த டிப்ஸ் பலித்தால் அண்ணா கெட்டிக்காரர், பலிக்காவிட்டால் "உனக்கு ஒழுக்கம் பத்தலை, மனசுல சந்தேகம் வச்சிருந்த". இந்தக் கணக்கில் அவர் தோற்கவே வழி இல்லை.

இன்னொன்று, விடிகாலை 4 மணி லைவ், ராத்திரி 11 மணி லைவ். தூக்கம் கெட்டவரால் எதையும் எடைபோட்டுப் பார்க்க முடியாது.

முதல் பேச்சு எப்படி இருக்க வேண்டும்

ஏமாற்றுக்காரன் என்ற சொல்லை முதல் மாதம் எடுக்காதீர்கள். போனைப் பிடுங்காதீர்கள், வேறு சிம் வாங்கி மறைத்துப் பார்ப்பார், அப்புறம் உங்களுக்கு எதுவும் தெரியாமல் போய்விடும். சாயங்காலம் தறி நின்ற பிறகு, தனியாக, டீக்கடைக்கு நடந்து போகும் வழியில் பேசுங்கள். மாமா, பெரியப்பா எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பஞ்சாயத்து வைத்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே அந்த ஆளைக் காப்பாற்றிப் பேசுவார்.

"அவர்கிட்ட உனக்கு என்ன பிடிச்சிருக்கு" என்று கேட்டு, பதிலை முழுசாகக் கேளுங்கள். அதில்தான் உண்மையான காரணம் இருக்கும். சிலர் "என்னை மனுஷனா மதிக்கிறாரு" என்பார்கள், அது வீட்டுக்கு வந்த புகார், அதை நீங்கள் சரிசெய்ய வேண்டும்.

பிறகு, நாள்விட்டு நாள், ஒவ்வொரு கேள்வியாகப் போடுங்கள். அவர் என்றைக்காவது "நான் சொன்னது தப்பு" என்று சொல்லியிருக்கிறாரா? அவரைக் கேள்வி கேட்டவருக்கு என்ன ஆனது? குரூப்பை விட்டுப் போனவர்களைப் பற்றி உள்ளே என்ன பேசுகிறார்கள்? என் அனுபவத்தில் இந்தக் கடைசிக் கேள்விதான் வேலை செய்கிறது. நல்ல வாத்தியாரை விட்டு ஒரு மாணவன் போனால் வாத்தியார் வருத்தப்படுவார், அவ்வளவுதான். இங்கே விட்டுப் போனவன் துரோகி, சோம்பேறி, பைத்தியம். "நீ போனாலும் உன்னை இப்படித்தானே சொல்வாங்க?" என்று கேட்டுவிட்டு விஷயத்தை மாற்றுங்கள். பதில் வாங்க நிற்காதீர்கள்.

நம் பக்கத்தில் ஒரு வசதி உண்டு. பாதிப் பேருக்கு இரண்டு மொழியும் தெரியும். அந்த ஆள் தமிழிலும் தெலுங்கிலும் பேசுகிறவராக இருந்தால் இரண்டிலும் கேட்டுப் பாருங்கள், சொந்தக் கதை, பட்ட கஷ்டம், சம்பாதித்த தொகை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று. அதை நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லக்கூடாது, "ரெண்டையும் ஒரு தடவை கேளேன்" என்று அவரையே கேட்கச் சொல்ல வேண்டும். தானாகக் கண்டுபிடித்தது மட்டும்தான் தங்கும்.

ஷேர் மார்க்கெட் ஆளாக இருந்தால்

ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். டிப்ஸ் வந்த உடனே, முடிவு தெரிவதற்கு முன், தேதி, நேரம், சொன்ன விலை எழுத வேண்டும். டெலிகிராமில் அட்மின் பழைய பதிவை அழிக்கலாம், திருத்தலாம், அதனால் சேனலைத் திரும்பிப் பார்த்தால் ஜெயித்தவை மட்டும்தான் இருக்கும்.

இந்தப் பழைய தந்திரத்தையும் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். 800 பேரில் 400 பேருக்கு "ஏறும்", 400 பேருக்கு "இறங்கும்" என்று அனுப்பு. சரியாகப் போன 400 பேரை மறுபடி பாதியாகப் பிரி, அப்புறம் 200, அப்புறம் 100. மூன்று தடவை தொடர்ந்து சரியாகச் சொன்ன மகான் அந்த 100 பேருக்குக் கிடைத்துவிட்டார், அவர் எதையும் கணிக்கவே இல்லை.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற ஊக வணிகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 100க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள், சராசரி நஷ்டம் ஆளுக்குச் சுமார் 2 லட்சம். இதைத் திட்டுவதற்குப் பயன்படுத்தாதீர்கள், ஆறுதலாகச் சொல்லுங்கள். "உனக்கு ஒழுக்கம் இல்லாததால போகலை, 93 பேருக்கும் போச்சு." அந்த ஆள் தலையில் ஏற்றிய குற்ற உணர்ச்சியை இறக்க இதுதான் வழி. ஆலோசனை சொல்லிக் காசு வாங்குகிறவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும், முதலீட்டு ஆலோசகருக்கு ஐஎன்ஏ என்றும், ஆய்வாளருக்கு ஐஎன்எச் என்றும் தொடங்கும் எண் இருக்கும், செபி இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். பதிவு பெற்றவரும் உறுதியான லாபம் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது.

மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆளாக இருந்தால்

இங்கே மட்டும் பொறுமை வேண்டாம். முதல் வகை சர்க்கரை நோய் உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. வாந்தி, மூச்சு வாங்குதல், மயக்கம் தெரிந்தால் வாக்குவாதம் செய்யாமல் 108ஐ அழையுங்கள். மற்றபடி, "அவர் சொல்ற கஞ்சியைக் குடி அத்தை, மாத்திரையையும் விடாதே, மூணு மாசம் கழிச்சு ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாப்போம்" என்பது நடக்கும். ஒரே நாளில் இரண்டில் ஒன்று என்றால் அத்தை கஞ்சிப் பக்கம் போய்விடுவார். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது, அப்படி மருந்து விற்கிறவர் மேல் புகார் கொடுக்கலாம்.

வெளியேறும் நாள்

அவர் தயாரானதும், விலகுவதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: பணம் கட்டிய ரசீது, யுபிஐ எண், வாக்குறுதி கொடுத்த செய்திகள். விலகியபின் பல குரூப்களில் எதுவும் கிடைக்காது. விடைபெறும் செய்தி எழுத வேண்டாம், அது மறுபடி பேச்சைத் தொடங்கும். வாட்ஸ்அப்பில் ஒருவர் விலகினால் 2022இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு அட்மின்களுக்கு மட்டும் அறிவிப்பு போகும், அதனால் அன்று மாலை அன்பாக ஒரு போன் வரும் என்று எதிர்பாருங்கள். எடுக்காதீர்கள். யூடியூபில் "இந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம்" என்பதை அழுத்தி, பார்த்த வரலாற்றையும் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதே ஆளின் துண்டு வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கும்.

லைவ் நடக்கும் அந்த நேரத்தை வெறுமையாக விடாதீர்கள். விடிகாலை 4 மணிக்கு அவர் விழித்துக்கொள்வார், கை போனுக்குப் போகும். முதல் சில வாரம் யாராவது கூட இருங்கள், நடக்கப் போங்கள், தறிக்குப் போகும்போது பாட்டோ, கூடத் தறி ஓட்டுகிற நண்பரோ காதில் இருக்கட்டும். தூக்கம் வராமல், பேசாமல், தன்னையே திட்டிக்கொண்டிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் தெலுங்கிலும் பேசுவார்கள், காசு கிடையாது. கல்யாணத்திலும் காரியத்திலும் இந்தக் கதையை எடுக்க வேண்டாம் என்று உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணம் மோசடியாகப் போயிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930ஐ அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கட்டிய கோர்ஸ் காசு திரும்ப வேண்டுமென்றால் 1915 நுகர்வோர் உதவி எண். எங்கள் பக்கம் வழக்கமாக வரும் பதில், "அவன் ஆந்திராக்காரன், அங்கே போய்க் கொடுங்க" அல்லது அதற்கு நேர்மாறானது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். குரூப்பில் மனம்விட்டுச் சொன்ன வீட்டு ரகசியங்களை வெளியே விடுவேன் என்று மிரட்டிக் காசு கேட்டால் அது புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 308ஆவது பிரிவில் வரும் பணம் பறிப்புக் குற்றம், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் மிரட்டலைப் பதிவு செய்து வையுங்கள்.

கடைசியாக ஒரு போன் வரும், சில வாரமோ சில மாதமோ கழித்து. "அந்த ஆள்கிட்ட ஏமாந்தவங்களுக்குப் பணத்தை மீட்டுக் கொடுக்கிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க" என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது, இதுவும் அதே தொழில்தான். இப்படி வரும் என்று உங்கள் ஆளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள், அந்த எண்ணையும் 1930இல் கொடுங்கள்.