அக்டோபர் 31-க்கு ஒரு கூம்புத் தொப்பி: தங்கச்சிமடத்திலிருந்து கனடா போகிறவர்களுக்கு

நம்ம ராமேஸ்வரம் தீவுக் கரையிலிருந்து பிள்ளைகளோடு கனடா போகிறவர்களுக்குக் குளிர் உடுப்பு, வங்கிக் கணக்கு, வாடகை வீடு பற்றியெல்லாம் சொல்லி அனுப்ப ஆள் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் ஒரு சின்னக் கடிதத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. "31-ஆம் தேதி பிள்ளைகள் வேடமிட்டு வரலாம்" என்று அதில் இருக்கும். அன்று அங்கே ஹாலோவீன், பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் இரவு. முதல் வருஷம் அதை நான் சரியாகப் படிக்கவில்லை. மகள் சாதாரண உடுப்பில் போனாள். சாயங்காலம் வந்து எதுவும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். அடுத்த வருஷத்திலிருந்து சூனியக்காரி வேடத்துக்கான கூம்புத் தொப்பியை நானே தைக்கிறேன். இந்த வருஷம் ஆகஸ்ட் லீவுக்கு ஊருக்கு வந்தபோது அம்மாவின் மிதி மெஷினிலேயே ஒன்று தைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

"சூனியக்காரி தொப்பியா? வேற எதுவும் கெடைக்கலையா பிள்ளைக்கு?" என்று அம்மா கேட்டார். கேட்கத்தான் செய்வார்கள். செய்வினை, சூனியம் என்றால் நம் பக்கம் அது வெறும் கதை இல்லை. அந்தப் பழியைச் சொல்லித் தனியாக வாழும் பெண்களை நோகடித்தவர்களும் உண்டு. அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், 2 கல்லறைத் திருநாள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிறோமே, ஹாலோவீன் என்பது அந்தப் புனிதர் திருநாளுக்கு முந்தின இரவு. பெயரே அதிலிருந்து வந்ததுதான். அயர்லாந்து, ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள் தங்கள் பழைய அறுவடைக் கால வழக்கங்களோடு அதைக் கனடாவுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கூம்புத் தொப்பிக்காரி கதையில் வரும் ஒரு பாட்டி, அவ்வளவுதான். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் கத்தரியை எடுத்துக் கொடுத்தார். உங்கள் வீட்டில் மனசு ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். வேடம் போடாத பிள்ளைகள் ஆரஞ்சும் கறுப்பும் உடுத்தி வரலாம் என்று பல பள்ளிகளிலேயே சொல்வார்கள்.

சரி, தையலுக்கு வருவோம். முதலில் தலையை அளக்க வேண்டும், அதுவும் கம்பளிக் குல்லாவைப் போட்டுவிட்டு. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். டொராண்டோ பக்கம் அந்த இரவு பல வருஷம் பத்து டிகிரிக்குக் கீழேதான் இருக்கும். வெறும் தலைக்கு அளவெடுத்தால் தொப்பி குல்லாவின் மேல் ஏறாது, பிள்ளை ஒன்றைக் கழற்றியாக வேண்டும்.

கூம்புக்குக் கால் வட்டம் போதும். ஓலைப்பெட்டி முடைகிற கைகளுக்கு இது புதிதல்ல, அளவு மட்டும் பிசகக் கூடாது. குல்லாவோடு தலைச்சுற்று 52 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுக்காமல் இருக்க 1, தையலுக்கு 2 சேர்த்தால் 55. கால் வட்டத்தின் வளைவு ஆரத்தைப்போல் 1.57 மடங்கு, அதனால் 55-ஐ 1.57-ஆல் வகுத்தால் ஆரம் 35. அடித் தையலுக்கு இன்னும் 1 விட்டால் 36. துணியின் மூலையில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி, 36 சென்டிமீட்டரில் கால் வட்டம் போடுங்கள். தைத்து முடித்தால் கூம்பு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். ஆறேழு வயசுப் பிள்ளைக்கு அது எடுப்பாக இருக்கும்.

விளிம்புக்கு இரண்டு வளையம். வெளி ஆரம் 18.5, உள் ஆரம் 7.4 சென்டிமீட்டர். உள்ளே தையலுக்கு 1 விட்டுத்தான் இந்தக் கணக்கு. 45 அங்குல அகலத் துணியில் கூம்பும் இரண்டு வளையமும் ஒரே வரிசையில் அடங்கும், அரை மீட்டர் வாங்கினால் மிச்சமும் வரும். டாலர் கடையில் விற்கும் சின்னச் சின்ன ஃபெல்ட் (நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) சதுரங்களில் கை வைக்காதீர்கள். கூம்பு அதில் பிடிக்காது, ஒட்டுப்போட்டால் தையல் வெளியே தெரியும்.

விளிம்பு துவளாமல் நிற்க, காலருக்கு வைக்கிற கேன்வாஸ் வேண்டும். அங்கே கடையில் போய்க் கேன்வாஸ் என்று கேட்டால் படம் வரைகிற தடித்த துணியைக் காட்டுவார்கள். ஃப்யூசிபிள் இன்டர்ஃபேசிங் என்று கேளுங்கள். ஊரில் டெய்லர் கடையிலேயே அரை மீட்டர் வாங்கிப் பெட்டியில் போட்டாலும் எடை ஒன்றும் இல்லை. ஆனால் மோட்டார் வைத்த தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. சில பொது நூலகங்களில் மெஷினில் உட்கார்ந்து தைக்க விடுவார்கள், உங்கள் பகுதி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். மெஷினே இல்லாவிட்டாலும் கையால் ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலைதான்.

ஒரு வளையத்தின் உள்பக்கத்தில் கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டுங்கள். இரண்டு வளையங்களின் நல்ல பக்கங்களையும் ஒன்றோடொன்று வைத்து, வெளி ஓரத்தை மட்டும் தைத்து, நடு ஓட்டை வழியாகத் திருப்பிப் போட்டு, ஓரத்தை இன்னொரு முறை தேய்த்துவிடுங்கள். கூம்பின் இரண்டு நேர் ஓரங்களையும் சேர்த்துத் தைத்து, நுனியைப் பென்சிலால் மெதுவாக வெளியே தள்ளுங்கள். அடுத்து வருவதுதான் பலரும் தொப்பியைக் கெடுக்கும் இடம்: வளையத்தின் உள் ஓரத்தை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சின்னதாக நறுக்கிவிட வேண்டும், தையல் கோட்டைத் தொடாமல். நறுக்காமல் தைத்தால் துணி சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும். முன், பின், இரண்டு பக்கம் என்று நாலு இடத்தில் குண்டூசி குத்தி, மீதியைப் பங்கிட்டுத் தையுங்கள். மெஷின் என்றால் 16 நம்பர் ஊசி போடுங்கள், அங்கே மூன்று மடிப்புத் துணி வரும்.

நுனி சாய்ந்து வளைந்த மாதிரி வேண்டுமானால், மேலிருந்து ஒரு சாண் தள்ளிக் கூம்பின் ஒரு பக்கத்தில் ஓட்டுத்தையல் போட்டு நூலை இழுத்து முடிச்சிடுங்கள். என் மகளுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

அலங்காரத்தில்தான் நம்ம ஊர் வர வேண்டும் என்பது என் ஆசை. அங்கே எல்லாப் பிள்ளைகளும் கடையில் வாங்கிய ஒரே மாதிரிச் சிலந்திவலையைச் சுற்றிக்கொண்டு வரும்போது, என் மகள் தொப்பியில் அவள் தாத்தா கிழிசல் பொத்துகிற மீன் வலையின் ஒரு முழத் துண்டு இருக்கிறது. கண்ணாடி மாதிரி ஒற்றை இழையில் இருக்கும் தங்கூசி வலை கறுப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாது. பச்சையோ நீலமோ நைலான் வலைதான் எடுப்பு. கடலுக்குப் போன வலை என்றால் சோப்பு நீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள், இல்லாவிட்டால் பெட்டி முழுக்க மணக்கும். கூம்பும் விளிம்பும் சேரும் இடத்தில் அதைச் சுற்றி, வலைக் கண்களில் ராமேஸ்வரம் கடைகளில் விற்கும் சின்னச் சிப்பி மணிகளைக் கோத்தேன். கடல்பாசி எடுக்கப் போகும் பக்கத்து வீட்டு மதினி, பழைய சேலைச் சரிகையைப் பிரித்து ஒரு பட்டை தைத்துக் கொடுத்தார்.

பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் விசிறி இவற்றை மட்டும் அலங்காரத்துக்கென்று எடுத்து வராதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அவை பாதுகாக்கப்பட்டவை. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை நம் தீவுகளைச் சுற்றி உயிரோடு இருக்க வேண்டியவை அவை. பனையோலைப் பூ வைத்தால் அழகுதான், ஆனால் இறங்கியதும் சுங்கத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும். சிப்பியையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

தொப்பியின் பின்பக்கம் வெளிச்சத்தில் மின்னும் பட்டை ஒன்று தைத்துவிடுங்கள். ஆறு மணிக்கு மேல் இருட்டிவிடும், கறுப்புத் தொப்பி கார்க்காரருக்குத் தெரியாது. தாடைக்கு அடியில் கயிறு கட்டாதீர்கள், கழுத்தில் மாட்டும். உள்ளே இரண்டு கிளிப் தைத்துக் குல்லாவோடு மாட்டினால் போதும். ஃபெல்ட் பெரும்பாலும் செயற்கை இழை, நெருப்புப் பட்டால் உருகி ஒட்டும். வாசலில் பூசணிக்காய்க்குள் மெழுகுவத்தி எரிகிற வீடுகளில் பிள்ளையைக் குனிய விடாதீர்கள்.

வாசல் விளக்கு எரிகிற வீட்டுக் கதவை மட்டும் தட்டச் சொல்லுங்கள். மிட்டாய்க்கு மஞ்சப்பை கொடுத்துவிட்டால் அருமையாகத் தாங்கும். கீழக்கரை, ஏர்வாடி பக்கத்திலிருந்து போன, ஹலால் பார்க்கும் வீடுகள் ஜெலட்டின் போட்ட மிட்டாயைத் தனியே எடுத்துவிட வேண்டியிருக்கும், உறையில் எழுதியிருக்கும்.

முடிந்ததும் தொப்பியை மடிக்காதீர்கள். கூம்புக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, விளிம்பைச் சுவரில் சாயாமல் தட்டையாக வைத்து அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். அடுத்த வருஷம் தலை பெரிதாகியிருக்கும், விளிம்பைப் பிரித்துப் புதுக் கூம்பு வெட்டத்தான் வேண்டும். வலையையும் சிப்பியையும் கழற்றி அதிலேயே தைத்துக்கொள்ளலாம்.