அமீரகத்துக்கு முதல் தடவை வேலைக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு: கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

துணைக்கு ஆள் இல்லாமல், இரண்டு வருட ஒப்பந்தத்தில் துபாய், அபுதாபி, ஷார்ஜா பக்கம் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். விமானம் ஏறும் முன் காகிதங்களைச் சரிபார்த்துவிட்டால் அங்கே போய்த் தவிக்க வேண்டியதில்லை. வரிசையாகச் செய்யுங்கள்.

1. ஏஜென்டைச் சரிபாருங்கள்

உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடுங்கள். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. ரசீது கேளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் வீட்டு நகையை அடகு வைக்காதீர்கள், அந்த ஆளே வேண்டாம்.

2. விசாவும் ஆஃபர் லெட்டரும்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். "விசிட் விசாவில் போ, அங்கே மாத்திக்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். சம்பளம் நின்றுபோனால் காட்டுவதற்கு ஒப்பந்தம்கூட உங்கள் கையில் இருக்காது.

ஆஃபர் லெட்டர் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில் வரும். அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் அந்தப் படிவம் உண்டு. தமிழில் கேளுங்கள், முழுதாகப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடையை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தம் பெரிதாகவும் அடிப்படை சிறிதாகவும் இருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இசிஆர் (வேலைக்கு வெளிநாடு போகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும்) வகையில் இருக்கும். அவர்கள் வேலைக்குப் போக இ-மைக்ரேட் வழியாகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பாலிசி நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

3. நகல்கள்

பாஸ்போர்ட், விசா, ஆஃபர் லெட்டர் மூன்றையும் போட்டோ எடுத்து, வீட்டில் விவரம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். கம்பெனி பெயர், தங்குமிட முகவரி, ஏஜென்ட் எண் எல்லாம் அவரிடம் இருக்கட்டும்.

4. பெட்டி

அம்மா மசாலா சாமான் கட்டிக் கொடுப்பார். அதில் கசகசா இருந்தால் எடுத்துவிடுங்கள். நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசா அங்கே தடைசெய்யப்பட்ட பொருள், ஆளைக் கைது செய்யும் அளவுக்குப் போகும். வலி மாத்திரை, இருமல் மருந்திலும் கவனம் தேவை. டிராமடால், கோடீன் கலந்தவற்றை முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. வழக்கமாகச் சாப்பிடும் மற்ற மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் வையுங்கள்.

5. போன்

வாட்ஸ்அப்பில் செய்தி போகும், ஆனால் அழைப்பு பொதுவாக வேலை செய்யாது. அங்கே இருப்பவர்கள் வீட்டோடு பேச போட்டிம் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். கிளம்பும் முன்பே வீட்டுப் போனில் அதைப் போட்டு, எப்படிப் பேசுவது என்று பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். போய்ச் சேர்ந்த அன்று குரல் கேட்காவிட்டால் அவர்கள் துடித்துப்போவார்கள். அப்புறம், வங்கி ஓடிபி வர இந்திய சிம் உயிரோடு இருக்க வேண்டும், ரீசார்ஜ் செய்து ரோமிங்கைப் போட்டுவையுங்கள்.

6. இறங்கிய பிறகு

பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ள அங்குள்ள சட்டத்தில் இடமில்லை. விசா நடைமுறைக்காகக் கொடுத்தால், அது முடிந்ததும் திரும்பக் கேளுங்கள். ஆஃபர் லெட்டரில் இருந்ததைவிடக் குறைந்த சம்பளத்தில் வேறு ஒப்பந்தத்தை நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம். இந்தியர்களுக்கான உதவி மையத்தை 800 46342 என்ற இலவச எண்ணில் அழையுங்கள். அமீரகத்துக்குள் இருந்து 24 மணி நேரமும் பேசலாம்.