எலி கடித்த வயரைத் திருத்தும்போது விடும் பிழைகள்

தை பிறந்து பெரும்போக வெட்டு நெருங்கும்போது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கராஜ்களுக்கு நெல் வெட்டும் மெஷின் பற்றி வரும் முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான். "போன வெட்டு முடிஞ்சு விடும்போது நல்லாத்தான் ஓடினது, இப்ப ஸ்டார்ட் எடுக்குதில்ல." புதுப் பெட்டரி போட்டுப் பார்த்திருப்பார்கள். ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றித் துடைத்தும் பார்த்திருப்பார்கள். பக்கத் தகட்டைத் திறந்தால் உள்ளே வைக்கோல் கூடு, எலிப் புழுக்கை, தோலுரிந்து செம்பு தெரியும் வயர்கள்.

சிறுபோக வெட்டு முடிந்ததும் வெட்டு மெஷின் மாதக்கணக்கில் கொட்டிலில் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், தண்ணீர் ஏற, வரம்பு வளைகளில் இருந்த எலியெல்லாம் மேட்டைத் தேடி வருகின்றன. மேட்டில் நனையாமல் நிற்பது மெஷின்தான். உள்ளே போன போகத்து நெல்லும் மிச்சமிருக்கும். எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத் தேய்க்காமல் அதனால் இருக்க முடியாது. புது மெஷின் வயரில் சோயா கலந்திருக்கிறது, அதுதான் எலியை இழுக்கிறது என்று ஒரு கதை உலாவுகிறது. பழைய மாசி பெர்குசன் உழவு மெஷினின் வயரையும் எலி விட்டுவைத்ததில்லை.

சரி, கடித்தது கடித்துவிட்டது. அதற்குப் பிறகு நாம் செய்வதுதான் பல வேளைகளில் பெரிய செலவாகிறது.

முதல் பிழை, கூட்டைக் கண்ட பிறகும் "எடுக்குதா பார்ப்பம்" என்று சாவியைத் திருப்புவது. தோலுரிந்த இரண்டு வயர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது மெஷினின் இரும்பு உடலில் முட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு பியூஸ் போனால் அதிர்ஷ்டம். மெஷினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான ஈசியூ போனால் ஒரு போகத்து வாடகைக் காசு அதோடு போய்விடும். முதலில் பெட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். சாவி தொடுவது அதற்கெல்லாம் பிறகு.

கூட்டை வெறுங்கையால் அள்ளி எறிவது அடுத்தது. எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் சின்னக் கீறல் இருந்தாலே அது உள்ளே போகும். வயலில் இறங்குபவர்களுக்கு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பது இந்த நோய்க்குத்தான். கையுறை போட்டு, கூட்டை நனைத்துவிட்டு அள்ளுங்கள். காய்ந்தபடி கூட்டினால் தூசு மூக்குக்குள் போகும். தகட்டையும் தரையையும் குளோரின் கரைசலால் துடைக்கலாம், ஆனால் அது கனெக்டர் பின்களில் படக்கூடாது, அரித்துவிடும். பிரஷர் வோஷரை வயரிங் பக்கம் திருப்பவே வேண்டாம். எலி கெடுக்காத கனெக்டருக்குள்ளும் அது தண்ணீரை ஏற்றிவிடும்.

இனி, நான் அதிகம் பார்க்கும் பிழைக்கு வருகிறேன். கண்ணில் பட்ட முதல் கடியைத் திருத்திவிட்டு, மெஷின் ஸ்டார்ட் ஆனதும் தகட்டைப் பூட்டிவிடுவது. எலி ஓரிடத்தில் மட்டும் கடிப்பதில்லை. கூடு எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும், அது நடந்து போன வழியெல்லாம் பல் பதிந்திருக்கும். சீட்டுக்குக் கீழே, பியூஸ் பெட்டிக்குப் பின்னால், டீசல் டேங்குக்கும் சேசிக்கும் இடையில், நெல் டேங்குக்குப் பின்புறம் என்று எல்லா இடத்தையும் பார்க்க வேண்டும். வயர் கட்டு ஓடும் நெளிவுக் குழாயில் சின்ன ஓட்டை தெரிந்தால் அந்தக் குழாயை முழு நீளத்துக்கும் பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. அரைநாள் போகும். "தம்பி, நாளைக்கு விடிய வட்டைக்குள்ள இறங்கவேணும், எப்படியாவது ஓடவைச்சுத் தா" என்று வயல் சொந்தக்காரரான போடியார் பக்கத்தில் நிற்கும்போது அந்த அரைநாளைக் கேட்டு வாங்குவது கஷ்டம்தான். ஆனால் நடுவட்டைக்குள் சேற்றில் நின்றுவிட்டால் போவது அரைநாளோடு நிற்காது.

மல்டிமீட்டர் பீப் அடிக்கிறது, அப்போ வயர் நல்லது என்று நம்புவதும் இதோடு சேர்ந்ததே. பத்துப் பதினைந்து இழை உள்ள வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சினாலும் மீட்டர் பீப் அடிக்கும். அந்த இழை கராஜில் வேலை செய்யும், வயலில் மெஷின் அதிரும்போது அறுந்துவிடும். வெட்டுப்பட்ட வயரைக் கண்டுபிடிக்கக் கண்ணையும் விரலையும் விட்டால் வேறு வழியில்லை. உள்ளே பச்சை பிடித்து உக்கிய வயருக்கு வேறு சோதனை இருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டபடியே பெட்டரி நெகட்டிவ் முனைக்கும் லைட்டின் எர்த் வயருக்கும் (நெகட்டிவ் பக்கத்துக்குத் திரும்பும் வயர்) இடையில் வோல்ட் அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 1 வோல்ட் காட்டினால் அந்த வழியில் எங்கோ உக்கியிருக்கிறது. மீட்டர் ஊசியை வயரின் தோலில் குத்திப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அந்தத் துளையால்தான் ஈரம் இறங்கும்.

கணினி உள்ள மெஷின்களில், அதாவது புதிய எக்ஸ்கவேட்டர், பெக்கோ, பெரிய உழவு மெஷின்களில், திரையில் பிழை எண் வரும். ஒயில் பிரஷர் சென்சரின் எண் வந்தால் உடனே கொழும்புக்கு அடித்து சென்சர் எடுப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் சொல்வது சென்சரின் வழியில் பிழை என்பதைத்தான். இப்படிப்பட்ட மெஷின்களின் கணினிகள் பாவிக்கும் ஜே1939 என்ற பொது முறையில் வரும் எண்ணுக்கு இரண்டு பகுதி உண்டு. எஸ்பிஎன் எந்த வழி என்று சொல்லும், எஃப்எம்ஐ எப்படிப்பட்ட பிழை என்று சொல்லும். எஃப்எம்ஐ 3 என்றால் வோல்ட் இருக்கவேண்டியதை விடக் கூட, 4 என்றால் குறைவு, 5 என்றால் கரண்ட் போதாது அல்லது வழி அறுந்திருக்கிறது. எலி புகுந்த மெஷினில் இந்த மூன்றில் ஒன்று வந்தால் முதலில் வயரைச் சந்தேகியுங்கள். ஒரே நேரத்தில் நாலைந்து சென்சருக்குப் பிழை காட்டினால் நாலைந்தும் பழுதாகியிருக்காது. பல சென்சர்கள் ஒரே 5 வோல்ட் வழியைப் பங்குபோடுவதால், ஒன்றின் வயர் எர்த்தில் முட்டினால் மற்றவையும் சேர்ந்து படுத்துவிடும்.

அந்த மெஷின்களில் ஒன்றோடொன்று முறுக்கி ஓடும் இரண்டு வயர்கள் இருக்கும், பெரும்பாலும் ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. ஈசியூக்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைன் அது. இதை வெட்டி நேர்வயராக நீட்டிவிட்டால் பக்கத்து வயர்களின் இரைச்சல் அதற்குள் புகுந்து, காரணமில்லாமல் மெஷின் நின்று நின்று ஓடும். பழைய முறுக்கை அப்படியே திரும்பக் கொண்டுவாருங்கள். முறுக்கில்லாத துண்டு ஓரிரு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. வேலை முடிந்ததும் பெட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் இடையில் ஓம் அளந்தால் 60 அளவில் வரவேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் இன்னும் அறுந்திருக்கிறது, பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் இரண்டும் முட்டுகின்றன.

ஜொயின்ட் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். முறுக்கி, கறுப்பு டேப் சுற்றும் முறை வீட்டு வயருக்கே சரியில்லை. எங்கள் வெயிலில் டேப்பின் பசை இளகி ஒரு போகத்துக்குள் கழன்றுவிடும். கடலும் வாவியும் பக்கத்தில் இருப்பதால் காற்றில் உப்பு. திறந்த செம்பில் பச்சை பிடித்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் தோலுக்கு அடியில் நீளத்துக்கும் ஊர்ந்து போகும். எலியின் மூத்திரமும் பட்டிருந்தால் இன்னும் கெதியாக. ஆகவே கடித்த இடத்தோடு நிறுத்தாமல், செம்பு பளிச்சென்று தெரியும்வரை இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் போட்ட ஜொயின்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிலைக்காது.

பிறகு, உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கும் ஹீட்ஷ்ரிங்க் குழாயை வயருக்குள் போட்டுவிட்டுத்தான் ஜொயின்டைத் தொடவேண்டும். இதை மறந்துவிட்டு, ஜொயின்ட் முடிந்தபின் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்காத வயரிங்காரர் யாரும் இல்லை. கிரிம்ப் செய்வதற்கு, அதாவது வயர்களை உலோகக் குழலுக்குள் விட்டு நசுக்கி இணைப்பதற்கு, அதற்கென்ற ராட்செட் குறடு வேண்டும், சாதாரணக் குறட்டால் நசுக்குவது கணக்கில்லை. நசுக்கியதும் நன்றாக இழுத்துப் பாருங்கள், கழல்வதானால் கையிலேயே கழலட்டும். குழாயைச் சூடாக்கும்போது இரண்டு முனையிலும் பசை பிதுங்கி வெளியே வரவேண்டும், அதற்குமுன் சூட்டை எடுக்காதீர்கள். ஈயம் பிடிப்பது தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் ஈயம் ஏறிய இடம் விறைத்துப் போகும், அதன் ஓரத்தில்தான் அதிர்வுக்கு இழைகள் முறியும். ஈயம் பிடித்தால் இரண்டு பக்கமும் வயரைக் கிளிப் போட்டு அசையாமல் நிறுத்துங்கள். தகரவேலைக்குப் பாவிக்கும் அமிலத்தை வயர் பக்கம் கொண்டுவரவே கூடாது.

ஒரே கட்டில் எட்டு வயர் போயிருந்தால் எட்டு ஜொயின்டையும் ஒரே இடத்தில் போடாதீர்கள். இரை விழுங்கிய பாம்பு மாதிரி கட்டு அந்த இடத்தில் வீங்கி, குழாய்க்குள் அடங்காமல் தகட்டில் உரசும். இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகத் தள்ளிப் போடலாம். வெட்டுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். கடையில் சிவப்பு மட்டும்தான் இருந்தது என்று எல்லாவற்றுக்கும் சிவப்பு வயர் போட்ட மெஷின் ஒன்றை அடுத்த முறை திறப்பவர் பாவம். நிறம் கிடைக்காவிட்டால் இரண்டு முனையிலும் எண் எழுதி ஒட்டுங்கள். பழைய வயரின் தடிப்பை விட மெல்லியது வேண்டாம். வீட்டுக்கு இழுக்கும் ஒற்றைக்கம்பி வயர் அதிர்வுக்குத் தாங்காது.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதென்று 15 அம்பியர் இடத்தில் 30 போடுவதையும், சிகரட் பெட்டி வெள்ளித்தாள் சுற்றுவதையும் இன்னும் காண்கிறோம். பியூஸ் போவது எங்கோ ஒரு வயர் எர்த்தில் முட்டுவதால்தான். பியூஸைத் தடிப்பாக்கினால் அடுத்து எரியப்போவது வயர். வெட்டு மெஷினின் சைலன்சரைச் சுற்றி வைக்கோல் தூசு எவ்வளவு படிந்திருக்கும் என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அதைவிடப் பயமான வேலை ஒன்று இருக்கிறது. ஆளும் கியரும் சரியான நிலையில் இல்லாவிட்டால் மெஷினைத் தடுக்கும் சீட் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் வயர்களைத்தான் எலி கடித்திருக்கிறது என்றால், இரண்டு முனையையும் சேர்த்து 'டிரெக்ட்' கொடுத்துவிடுவார்கள். மெஷின் ஸ்டார்ட் ஆகும், கியரில் கிடந்தாலும் ஸ்டார்ட் ஆகும். கீழே நின்றபடி சாவி திருப்பும் ஆள் சில்லுக்குள் போய்விடுவார். வெட்டு அவசரத்தில் வேறு எந்த வயரையும் தற்காலிகமாகப் போட்டுக் கொடுங்கள், போட்ட இடத்தில் மஞ்சள் டேப் ஒன்று சுற்றிவையுங்கள், வெட்டு முடிந்ததும் ஒழுங்காகச் செய்யலாம். இந்த இரண்டு சுவிட்சிலும் மட்டும் தற்காலிகம் என்ற பேச்சே வேண்டாம்.

திருத்திய கட்டை அசையும் ஹைட்ரோலிக் ஹோஸோடு சேர்த்துக் கட்டாதீர்கள், சைலன்சருக்குக் கிட்டவும் விடாதீர்கள். பழைய கிளிப் இருந்த இடம்தான் அதற்கு இடம்.

அப்புறம், மெஷினைத் திரும்பக் கொட்டிலில் விடும்போது வழமையாகச் செய்யும் பிழைகள். நெல் டேங்கிலும் ஓகரிலும் (நெல்லைத் தள்ளும் திருகு) இருக்கும் மிச்ச நெல்லை ஊதி எடுக்காமல் விடுவது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்துவது. எஞ்சின் மூடியை இறுக்கிப் பூட்டி உள்ளே இருட்டாக்கிவிடுவது. கொட்டில் நனையாத இடமென்றால் மூடியைத் திறந்தே வையுங்கள், வெளிச்சம் விழும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். கிழமைக்கு ஒருதடவை உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பூச்சி உருண்டையின் மணம் நாளாக நாளாகப் போய்விடும், அதை நம்பி நாலு மாதம் விட்டுவைப்பது வீண். மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் ஒன்றை ஹொண்டா கம்பனி விற்கிறது. கிடைத்தால் கூடு இருந்த இடத்து வயர்களுக்குச் சுற்றலாம், வீட்டு மிளகாய்த்தூள் அதற்கு மாற்று இல்லை. எலிப் பாஷாணம் வைப்பதையும் நான் விரும்புவதில்லை. தின்ற எலி எஞ்சினுக்குள் எட்டாத மூலையில் செத்து நாறும், அதை இழுத்துத் தின்ற வீட்டுப் பூனையோ வயல் ஆந்தையோ கூடவே போகும். அடிக்கும் பொறி நாலைந்து வாங்கி, சில்லுகளுக்குப் பக்கத்தில் சுவரோரமாக வைத்தால் போதும். கருவாட்டுத் துண்டு நல்ல இரை.