கஷ்ட காலத்தில் மற்றவர்களுக்காக ஜெபிப்பது எப்படி

நம் வீட்டு அடுப்பே எரியவில்லை, இதில் அடுத்தவருக்காக என்னத்தை ஜெபிக்க என்று பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பலர் மனதில் இருக்கிறது. நியாயம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும், அது முடிந்து கடலுக்குப் போனாலும் இலங்கைக் கடற்படை பிடித்துவிடுமோ என்று கரையில் இருப்பவர்களுக்குத் தூக்கம் வராது. ஆனால் பைபிளில் அப்போஸ்தலர் பவுல் பிலிப்பியருக்கு, அதாவது பிலிப்பி ஊர் விசுவாசிகளுக்கு, கடிதம் எழுதியது சிறையிலிருந்து. அதில்தான் உங்கள் எல்லாருக்காகவும் மகிழ்ச்சியோடு வேண்டிக்கொள்கிறேன் என்கிறார்.

அவர் போன வரிசையைப் பாருங்கள். முதல் அதிகாரம் 3ஆம் வசனத்தில் அவர்களை நினைத்து நன்றி, 9ஆம் வசனத்தில்தான் விண்ணப்பம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறார் என்றால், "அக்காவைப் பாரும் ஆண்டவரே" என்று ஒரே வரியில் முடிக்காமல், உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி அந்த அக்கா வந்து கூட உட்கார்ந்திருந்ததைச் சொல்லி முதலில் நன்றி சொல்லுங்கள், அப்புறம் அடுத்த வாய்தா, மூத்த பெண்ணின் படிப்பு, அங்கே அந்த மனுஷனுக்கு நல்ல தூக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சந்தோஷம் பெரும்பாலும் அந்த நன்றியில்தான் தட்டுப்படும், ஏனென்றால் இந்தக் கஷ்டத்திலும் ஆண்டவர் நமக்கு யாரையெல்லாம் கொடுத்திருக்கிறார் என்று அப்போதுதான் கண்ணில் படுகிறது.

இப்படி ஜெபிக்க இரண்டு மூன்று பேரை எடுத்துக்கொண்டால் போதும். தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்கள் கருவாடு காயவைக்கும்போதோ வலை சரிபார்க்கும்போதோ ஜெபிக்கலாம். செபமாலை சொல்பவர்கள் ஒவ்வொரு பத்து மணி ஜெபத்தையும் ஒருவருக்காக ஒப்புக்கொடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், சிரித்த முகத்தோடுதான் ஜெபிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மனதைப் புண்படுத்தினவர்களையும் சேருங்கள், இதுதான் கடினம். யோபு 42:10-ஐப் படியுங்கள்: தன்னைக் குற்றம் சாட்டிய நண்பர்களுக்காக அவர் வேண்டினார், அப்போது கர்த்தர் அவர் நிலையை மாற்றினார். அதற்காக, அவருக்காக ஜெபித்தால் என் கடன் தீரும் என்று பேரம் பேசாதீர்கள்.

இன்னொன்று, அன்பியக் கூட்டத்தில் (பங்கில் பக்கத்து வீட்டார் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டம்) ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டுக் கடனைச் சபையில் போடாதீர்கள், அவர்களே சொல்லச் சொன்னால் ஒழிய.

உங்கள் பெயரையும் யாரிடமாவது கொடுத்து வையுங்கள். பவுலே 1:19-ல் பிலிப்பியரின் ஜெபத்தை நம்பியிருப்பதாகத்தான் எழுதுகிறார்.