கராத்தே கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: நிறுத்தத் தெரிந்த கை

2021 ஆகஸ்ட் 7. டோக்கியோ ஒலிம்பிக்கில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவில் கராத்தே இறுதிப் போட்டி. சவுதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அப்போது அவர் வீசிய உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதேயைப் பலமாகத் தாக்கியது. நினைவிழந்து விழுந்த கஞ்ச்சாதேயை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசி, கட்டுப்பாடில்லாத தாக்குதல் என்று ஹமேதியை அந்த ஆட்டத்திலிருந்து தகுதிநீக்கம் செய்தார்கள். தங்கம் கஞ்ச்சாதேவுக்கு, வெள்ளி ஹமேதிக்கு.

“விழுந்தவருக்கா தங்கம்?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஹமேதி அருமையான வீரர், அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள்தான் கராத்தேயைப் பற்றிய முதல் தவறான எண்ணம் இருக்கிறது. ஓங்கி அடிப்பதுதான் திறமை என்று நினைத்துக்கொள்கிறோம். ஜப்பானிய மரபில் ‘சுன்தோமே’ என்றொரு பயிற்சி உண்டு. ‘சுன்’ என்பது பழைய நீள அளவு, ஏறக்குறைய 3 செ.மீ. முழு வேகத்தில் போகும் குத்தை எதிராளியின் உடம்புக்கு அந்த இடைவெளியில் நிறுத்த வேண்டும். நிறுத்த முடிந்தவருக்குத்தான் அந்தக் கை உண்மையில் சொந்தம். கியோகுஷின் போல உடம்பில் முழுத் தொடர்போடு மோதும் பிரிவுகளும் இருக்கின்றன, சரி. அங்கேயும் போட்டியில் முகத்தில் கையால் குத்தக் கூடாது. எல்லை இல்லாத கராத்தே எங்கும் இல்லை.

அடுத்த தவறு, ‘கராத்தே நி சென்தே நாஷி’ என்ற வரியை மனப்பாடம் செய்துவிட்டு அர்த்தத்தை விட்டுவிடுவது. ஒகினாவாவின் ஷுரியில் 1868-இல் பிறந்து, கராத்தேயை ஜப்பானின் பெருநிலத்தில் பரப்பியவர் கிச்சின் ஃபுனகோஷி. அவருடைய இருபது நெறிகளில் இது இரண்டாவது. காமகுராவில் உள்ள எங்காகுஜி கோயிலில் அவர் நினைவாக நிற்கும் கல்லிலும் இந்த வரியைத்தான் பொறித்திருக்கிறார்கள். கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பது பொருள்.

இதைக் கேட்ட சிறுவன் என்ன புரிந்துகொள்கிறான்? “அவன் முதலில் அடிக்கட்டும், அப்புறம் நான் பிய்த்துவிடுகிறேன்.” அடி வாங்கக் காத்திருந்து அதையே அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வது இந்த நெறியே அல்ல. ஷிதோ-ரியு பிரிவை நிறுவிய கென்வா மபுனியும், எதிராளி அடிக்கும்வரை சும்மா நிற்க வேண்டும் என்று இதைப் புரிந்துகொள்வது பிழை என்றார். சண்டை நம்மிடமிருந்து தொடங்கக் கூடாது என்பதுதான் விஷயம். முறைத்துப் பார்ப்பது, சீண்டுவது, வாட்ஸ்அப் குழுவில் வம்புக்கு இழுப்பது எல்லாம் முதல் அடிதான். கை ஓங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே அந்த அடி விழுந்துவிடுகிறது. விலகிப் போக வழி இருக்கும்போது விலகிப் போவது கோழைத்தனம் என்று சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இருபதில் முதல் நெறி, கராத்தே ‘ரெய்’யில் தொடங்கி ‘ரெய்’யில் முடிகிறது என்பது. ‘ரெய்’ என்றால் குனிந்து வணங்குவது என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மரியாதை என்பதே அதன் முழுப் பொருள். வகுப்பு முடியும்போது மாஸ்டருக்கு வணக்கம் சொன்ன பிறகு ‘ஒதாகாய் நி ரெய்’ என்று ஒன்று வரும். ஒருவருக்கொருவர் வணங்குவது. பல இடங்களில் அதை அவசரமாக ஒப்பேற்றிவிட்டு வாட்டர் பாட்டிலுக்கு ஓடுகிறார்கள். கூடச் சண்டை போட்டவன் தன் உடம்பை நம்பி உன்னிடம் கொடுத்திருக்கிறான், அதற்கு நன்றி சொல்கிறாய் என்று குழந்தைக்கு ஒருமுறை விளக்கினால் போதும், அதன்பின் அவர்கள் குனிவதே வேறு மாதிரி இருக்கும்.

மரியாதையைப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஒழுக்கம் என்ற பெயரில் பிள்ளைகளைப் பிரம்பால் அடிப்பதும், வயிற்றில் ஏறி நிற்பதும், எல்லோர் முன்னாலும் கேவலப்படுத்துவதும் இன்னும் சில வகுப்புகளில் நடக்கிறது. பெற்றோரும் “நல்லா அடிங்க மாஸ்டர், அப்பதான் திருந்துவான்” என்கிறார்கள். ஃபுனகோஷியின் வழிவந்த ஷோதோகான் பிரிவின் வகுப்புகளில் கூட்டாகச் சொல்லும் ‘டோஜோ குன்’, அதாவது பயிற்சிக்கூட விதிகள், ஐந்து வரிகள் கொண்டது. கண்மூடித்தனமான ஆவேசத்தை அடக்கு என்பது அதில் ஒரு வரி. ஐந்து வரிகளும் ‘ஹிதோத்சு’, அதாவது ‘ஒன்று’ என்றே தொடங்கும். இரண்டு, மூன்று என்று எண் போடுவதில்லை, எல்லாமே முதல் விதிதான். அந்த விதி மாணவனுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு மாஸ்டருக்கும் பொருந்தும்.

பிறகு பெல்ட். “எத்தனை மாதத்தில் பிளாக் பெல்ட் கிடைக்கும்?” என்பதுதான் சேரும் அன்றே வரும் கேள்வி. வெள்ளை பெல்ட் வருடக்கணக்காக அழுக்கேறிக் கறுத்ததுதான் பிளாக் பெல்ட் என்ற கதையையும் கூடவே சொல்வார்கள். கேட்க அழகாக இருந்தாலும் அது உண்மையில்லை. பிளாக் பெல்ட்டில் உள்ள படிநிலைகளை ஜப்பானில் ‘தான்’ என்பார்கள், அந்த வரிசையைத் தற்காப்புக் கலைக்குள் கொண்டுவந்தவர் ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ. அதைப் பின்பற்றி ஃபுனகோஷி 1924-இல் தன் மாணவர்களுக்கு முதல் பிளாக் பெல்ட்டுகளைக் கொடுத்தார். அந்த முதல் நிலைக்கு ‘ஷோதான்’ என்று பெயர். தொடக்கப் படி என்று அர்த்தம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டது, இனி புத்தகத்தைத் திறக்கலாம் என்பது போன்ற நிலை அது.

பெல்ட் அவசரம்தான் கட்டாவையும், அதாவது வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடரையும், கெடுக்கிறது. “எனக்குப் பதினைந்து கட்டா தெரியும்” என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஒரு கட்டாவுக்கு மூன்று வருடம் என்பது பழைய கணக்கு. தன் இளமையில் தெக்கி என்ற மூன்று சிறிய கட்டாக்களிலேயே பத்து வருடம் கழிந்தது என்கிறார் ஃபுனகோஷி. ஆரம்பத்தில் கற்றுத்தரும் ஹெயான் ஷோதான் என்ற கட்டாவையே எடுத்துக்கொள்வோம். ஃபுனகோஷியின் குரு அன்கோ இதோசு பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த பினான் வரிசையிலிருந்து வந்தது அது. அதன் நான்காவது அசைவில், கீழ்த் தடுப்புக்குப் போன வலது கையைப் பின்னுக்கு இழுத்துச் சுழற்றி, மூடிய முஷ்டியின் அடிப்பக்கத்தால் மேலிருந்து அடிக்கிறோம். ஏன் இழுக்கிறோம்? மணிக்கட்டை ஒருவன் பிடித்துவிட்டான், அதை விடுவித்துக்கொள்கிறோம் என்பது வழக்கமான விளக்கம். இதைத் தெரியாமல் செய்தால் அது வெறும் கையசைப்பு. துணைக்கு ஒருவரை நிறுத்தி, மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லிச் செய்து பாருங்கள், அந்த அசைவு உடம்பில் உட்கார்ந்துவிடும். இடுப்புக்குத் திரும்பும் கையையும் அப்படியே கேள்வி கேளுங்கள். அது ஓய்வெடுக்கப் போகவில்லை, பிடித்த கையை இழுத்துக்கொண்டு வரவும் போகும்.

ஓடு உடைப்பது, நெருப்பு வளையத்துக்குள் பாய்வது, கை மேல் பைக் ஏற்றுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு விழாவுக்கு நன்றாக இருக்கும். வளரும் எலும்புள்ள குழந்தைகளை இதில் இறக்காதீர்கள்.

நமக்கே உரிய ஒரு தவறும் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து சீனா போன போதிதர்மர்தான் கராத்தேயின் தந்தை என்று மேடைதோறும் சொல்கிறோம். போதிதர்மர் ஜென் மரபில் பெரிய பெயர், அதில் நமக்குப் பெருமை இருக்கலாம். ஆனால் அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் ‘யீ ஜின் ஜிங்’ என்ற நூல் 17-ஆம் நூற்றாண்டில்தான் வெளிப்படுகிறது, அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் வருடம் கழித்து. கராத்தே ஒகினாவாவின் சொந்தக் கைக்கலையும் சீனாவின் ஃபூஜியன் பகுதிக் கலைகளும் சேர்ந்து வளர்ந்தது. இதோசு 1908-இல் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தின் தொடக்கமே, கராத்தே பௌத்தத்திலிருந்தோ கன்பூசியத்திலிருந்தோ வந்ததல்ல என்பதுதான்.

பௌத்தத்தின் வாசனை பெயரில் பின்னால் வந்து சேர்ந்தது. முன்பு ‘கரா’வை சீனாவைக் குறிக்கும் எழுத்தால் எழுதினார்கள். பௌத்தமும் பேசும் ‘வெறுமை’ என்ற எழுத்துக்கு மாறும் போக்கை 1936 அக்டோபர் 25-இல் நாஹாவில் கூடிய மூத்த ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒகினாவாவில் இன்று அந்த நாள்தான் கராத்தே தினம். வெறுங்கை என்றால் ஆயுதம் இல்லாத கை என்று மட்டும் நிறுத்திவிடக் கூடாது. கண்ணாடி தன் முன் இருப்பதை அப்படியே காட்டுவது போல, தன்னலமும் கெட்ட எண்ணமும் காலியான மனம் என்று ஃபுனகோஷி விளக்கினார்.

கடைசியாக, பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிடுவது. கராத்தே வெந்நீர் மாதிரி, தொடர்ந்து சூடு காட்டாவிட்டால் ஆறிப்போகும் என்று இருபது நெறிகளில் ஒன்று சொல்கிறது. டியூஷனுக்கு நடுவே வகுப்புக்குப் போக நேரமில்லை என்பது எனக்கும் புரிகிறது. ஹெயான் ஷோதானை முழுதாகச் செய்ய ஒரு நிமிடம் கூட ஆகாது. காலையில் மொட்டை மாடியில் இரண்டு தடவை செய்துவிட்டுப் படிக்க உட்காரச் சொல்லுங்கள்.